அவன் ஏன் அவ்வாறு செய்தான்?



அண்மையில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தின் இல்லத்தில் மாலை வேளையில் அமர்ந்திருந்தோம். கல்லூரியில் பயிலும் மகனுக்கும், அவனுக்கு இரண்டு ஆண்டு இளையவளான மகளுக்கும் இடையே கடுமையான வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. "அவன் செய்ததில் என்ன தவறு? எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வான்" என்றான் மகன். "அவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா, அண்ணா? அதை முதலில் சொல்" என்றாள் மகள். உறவினர் எவருக்கோ நேர்ந்த சிக்கல் போலும் என்றெண்ணி நாம் வாளாவிருந்தோம். பிறகுதான் உண்மை விளங்கியது. அவர்கள் வழக்காடியது ஒரு வீடியோ விளையாட்டில் வரும் கற்பனை மனிதனைப் பற்றி! தகப்பனார் நம்மைப் பார்த்துச் சிரித்தார். "உலகத்தில் பிறக்கவே பிறக்காத ஒருவனுக்காக இரண்டு நாட்களாக இந்த வீட்டில் சண்டை. நீங்களாவது ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள், ஐயா" என்றார்.

அன்று நாம் தீர்ப்பு எதுவும் கூறவில்லை. கதையை இருவரிடமும் கேட்டறிந்தோம். பின்னர் அம்மகனின் துணையோடு அவ்விளையாட்டின் முக்கியமான பகுதிகளை நாமே அமர்ந்து பார்த்தோம். பார்த்த பின், அப்பிள்ளைகளின் சண்டை வீண் சண்டை அன்று என்னும் முடிவுக்கு வந்தோம். அதற்கான காரணத்தை இத்திங்கள் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இல்லாத மனிதனின் மனத்தை ஆராய்வது நமக்குப் புதியதா? நம் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த பட்டிமன்றங்களை நினைத்துப் பாருங்கள். செய்ந்நன்றிக்காக அண்ணன் பக்கம் நின்று மாண்ட கும்பகருணன் உயர்ந்தவனா? அறத்திற்காக அண்ணனைவிட்டு நீங்கிய வீடணன் உயர்ந்தவனா? இக்கேள்வியை எத்தனை மேடைகளில் எத்தனை நடுவர்கள் விசாரித்திருப்பார்கள்! கைகுவிக்கும் கூட்டம் வீட்டுக்குத் திரும்பும்போது தன் அண்ணன் தம்பியைப் பற்றித்தான் எண்ணிக்கொண்டு திரும்பியது. கதை மாந்தரின் நெஞ்சை ஆராய்வது, நம் நெஞ்சை ஆராய்வதற்கு ஒரு பாதுகாப்பான ஒத்திகை. அன்று அது மேடையில் நடந்தது. இன்று பிள்ளைகளின் கையிலுள்ள கருவியில் நடக்கிறது.

அந்த விளையாட்டின் பெயர் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாந்தா மோனிக்கா நகரிலுள்ள 'நாட்டி டாக்' நிறுவனம் உருவாக்கியது. 2013ஆம் ஆண்டு சூன் மாதத்தில் சோனி நிறுவனத்தின் 'பிளேஸ்டேஷன் 3' கருவிக்காக வெளிவந்தது. நீல் டிரக்மன் என்பவர் கதையை எழுதினார். 2020இல் இதன் இரண்டாம் பாகம் வந்தது. 2023 சனவரியில் இக்கதை தொலைக்காட்சித் தொடராகவும் வெளிவரத் தொடங்கியது. பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கையை இங்கேயே கூறிவிடுகிறோம். இது சிறுவர்க்கான விளையாட்டு அன்று. அமெரிக்காவில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்க்கே உரியது என்று தரம் பிரித்திருக்கிறார்கள். இரத்தமும் கொலையும் நிரம்பியது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பின் அவர்கள் கண்ணில் படாதவாறு பார்த்துக்கொள்வது நம் கடமை.

இனிக் கதைக்கு வருவோம். வெப்பமண்டலக் காடுகளில் எறும்பின் உடலுக்குள் புகுந்து, அதன் நடத்தையையே தன்வயப்படுத்தும் ஒருவகைப் பூஞ்சை உண்டு. இது அறிவியல் உண்மை. அத்தகைய பூஞ்சை மனிதரைப் பற்றினால் என்னாகும் என்பது இக்கதையின் கற்பனை. டெக்சஸ் மாநிலத்தில் சாரா என்னும் பன்னிரண்டு வயது மகளோடு வாழ்கிறான் ஜோயல். அவன் பிறந்த நாளன்று மகள் அவனுக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளிக்கிறாள். அன்றிரவே கொள்ளைநோய் வெடிக்கிறது. மகளைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிறான். மேலிடத்து ஆணைக்குக் கீழ்ப்படிந்த ஒரு படைவீரனின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகி, அவள் அவன் கரங்களிலேயே உயிர் விடுகிறாள்.

இருபது ஆண்டுகள் உருண்டோடுகின்றன. உலகம் பாழ்பட்டுவிட்டது. பாஸ்டன் நகரின் காவல் சூழ்ந்த பகுதியில் கள்ளக்கடத்தல் செய்து பிழைக்கிறான் ஜோயல். உடைந்துபோன அந்தக் கைக்கடிகாரம் மட்டும் இன்னும் அவன் மணிக்கட்டில் இருக்கிறது. 'மின்மினிகள்' என்னும் பொருள்படும் பெயர் கொண்ட கிளர்ச்சிக் குழுவின் தலைவி மார்லீன், எல்லி என்ற பதினான்கு வயதுச் சிறுமியை அவனிடம் ஒப்படைக்கிறாள். நோயுற்றவரால் கடிபட்டும் நோய் பற்றாத பிறவி அச்சிறுமி. அவளைக் குழுவின் மருத்துவர்களிடம் சேர்த்தால் உலகுக்குத் தடுப்பு மருந்து கிடைக்கலாம் என்பது நம்பிக்கை.

முதலில் அவள் ஜோயலுக்கு ஒரு சரக்குத்தான். ஆனால் நாட்டின் குறுக்கே மாதக்கணக்கில் நடந்த பயணம் அவனை மாற்றுகிறது. இடையில் தன் தம்பி டாமியைக் காணும்போது, "நீ இவளை அழைத்துச் செல்" என்று அவளை விட்டு நழுவப் பார்க்கிறான். சாராவோடு தான் இருக்கும் பழைய நிழற்படத்தைத் தம்பி நீட்டியபோது அதை வாங்கிக்கொள்ளவும் மறுக்கிறான். பின்னர் மனம் மாறி எல்லியோடு தானே தொடர்கிறான். ஓர் இடத்தில் அவன் படுகாயமுற்று விழ, குளிர்காலம் முழுவதும் அச்சிறுமி அவனைக் காத்து நிற்கிறாள். அக்குளிரில் அவளுக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து அவளை அணைத்துத் தேற்றும்போது, தன் மகளை அழைத்த அதே செல்லச் சொல் அவன் வாயில் வருகிறது. வசந்தத்தில் அந்தப் பழைய நிழற்படத்தை எல்லியே அவனிடம் நீட்டுகிறாள். இம்முறை அவன் வாங்கிக்கொள்கிறான்.

இறுதியில் சால்ட் லேக் நகரின் மருத்துவமனையை அடைகிறார்கள். நீரில் மூழ்கி நினைவிழந்த நிலையில் எல்லி கொண்டு செல்லப்படுகிறாள். கண்விழித்த ஜோயலிடம் மார்லீன் உண்மையைக் கூறுகிறாள். பூஞ்சை எல்லியின் மூளையில் வளர்ந்திருக்கிறது. அதை எடுத்தால்தான் மருந்து செய்ய முடியும். எடுத்தால் அவள் பிழைக்கமாட்டாள். ஜோயல் காவலர்களைக் கொன்று அறுவைக் கூடத்தை அடைகிறான். அறுவை மருத்துவரையும் கொல்கிறான். மயக்கத்திலிருக்கும் சிறுமியை, அன்று சாராவை ஏந்தியது போலவே ஏந்திக்கொண்டு ஓடுகிறான். வழிமறித்த மார்லீனையும் சுட்டுக் கொல்கிறான். கண்விழித்த எல்லி நடந்ததைக் கேட்கும்போது, "உன்னைப் போல் நோய் பற்றாதவர் பலர் இருக்கிறார்களாம். ஒரு பயனும் விளையவில்லையாம். மருந்து தேடுவதையே நிறுத்திவிட்டார்களாம்" என்ற பொருளில் பொய் கூறுகிறான்.

அவன் ஏன் அவ்வாறு செய்தான்? நம் இளைஞனுக்கும் அவன் தங்கைக்கும் இடையே நின்ற கேள்வி இதுதான்.

கதை மாந்தரின் உள்ளத்தை ஆராய்வோர் முதலில் தவிர்க்க வேண்டிய பிழை ஒன்று உண்டு. நமக்குத் தோன்றும் காரணங்களை அவன் நெஞ்சில் ஏற்றிவிடுவதே அது. "அந்த மருத்துவர்களால் மருந்து செய்திருக்க முடியாது. ஆகவே ஜோயல் செய்தது சரி" என்று வாதாடுவோர் பலர். நம் இளைஞனும் அதைக் கூறினான். "தம்பி, அது உன் வாதம். ஜோயலின் வாதமா?" என்று நாம் வினவினோம். செய்தி கேட்டவுடன் ஜோயல் கூறியதைக் கவனியுங்கள். மருந்து கிடைக்காது என்று அவன் மறுக்கவில்லை. வேறு யாரையாவது தேடிக்கொள் என்கிறான். மருந்து கிடைக்குமா, கிடைக்காதா என்பது அவனுக்கு ஒரு பொருட்டே அன்று. மருந்து உறுதியாகக் கிடைக்கும் என்று வானத்தூதரே வந்து கூறியிருப்பினும் அவன் அதையேதான் செய்திருப்பான். ஆகவே அவனுக்காக நாம் கண்டுபிடித்த அறிவியல் வாதத்தால் அவனை விடுவிக்க இயலாது. அவனுடைய காரணத்தைக் கொண்டே அவனை எடைபோட வேண்டும்.

அவனுடைய காரணம் யாது? கைக்கடிகாரமும், மறுக்கப்பட்டுப் பின் ஏற்கப்பட்ட நிழற்படமும், மீண்டும் நாவில் வந்த செல்லச் சொல்லும், இருமுறை ஒரே விதமாக ஏந்திய கரங்களும் ஒருமுகமாகச் சாட்சி கூறுகின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் அவனால் காக்க முடியாத மகளை இன்று காத்துக்கொண்டான். அன்றும் "பலருடைய நன்மைக்காக" என்றுதான் ஆணை பிறந்தது. இன்றும் அதே நியாயத்தைத்தான் மார்லீன் கூறுகிறாள். அன்று மண்டியிட்டு அழுதவன் இன்று துப்பாக்கி ஏந்தினான். இதில் அன்பு இல்லை என்று எவரும் கூற இயலாது. கல்லாகிப்போன நெஞ்சு மீண்டும் உயிர் பெற்ற கதை இது. இதுவரை அந்த இளைஞன் கூறியது மெய்யே.

ஆயினும் காரணத்தைக் கண்டறிவது வேறு; நியாயம் கற்பிப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது இரண்டாவது பிழை. "அவன் ஏன் செய்தான் என்று எனக்குப் புரிகிறது" என்பதற்கும், "அவன் செய்தது சரி" என்பதற்கும் இடையே ஓர் ஆறு ஓடுகிறது. வீட்டில் பிள்ளை ஒருவன் சினத்தால் தம்பியை அடித்துவிட்டால், சினத்தின் காரணத்தைத் தாய் அறிவாள். அடித்தது சரி என்று கூறமாட்டாள். புரிந்துகொள்ளுதல் நம் கடமை. அதுவே மன்னிப்புச் சீட்டு ஆகிவிடாது.

ஜோயலுக்குக் காட்டும் இப்பொறுமையை மார்லீனுக்கும் காட்டுவது நீதி. அவள் கொடியவள் அல்லள். எல்லியின் தாய்க்கு அளித்த வாக்கின்படி அப்பெண்ணைக் காத்து வந்தவள். மருத்துவமனையில் அவள் விட்டுச் சென்ற ஒலிப்பதிவுகளில் அவளுடைய மனவேதனை கேட்கிறது. அறுவை மருத்துவரின் பதிவில், பென்சிலின் கண்டுபிடிப்புக்கு இணையான காலத்தை எட்டப்போகிறோம் என்னும் நம்பிக்கை தெரிகிறது. அவர்களும் அன்பின் பெயரால், மனித குலத்தின் மீதுள்ள அன்பின் பெயரால்தான் கத்தியை எடுத்தார்கள். ஆயினும் அவர்களும் எல்லியிடம் கேட்கவில்லை. நீரிலிருந்து எடுக்கப்பட்டவளை விழிக்கவிடாமலே அறுவை மேசைக்குக் கொண்டு சென்றார்கள்.

தங்கை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாளே, "அவளிடம் கேட்டானா?" என்று, கதை முழுவதற்கும் திறவுகோல் அதுவே. இருதரப்பாரும் எல்லியை நேசித்தார்கள். இருதரப்பாரும் அவள் வாழ்வைத் தாமே தீர்மானித்தார்கள். அவள் என்ன கூறியிருப்பாள்? கதை நமக்கு இருவேறு குறிப்புகளைத் தருகிறது. மருத்துவமனைக்குச் சற்று முன்னர், பாழடைந்த நகரில் ஒட்டகச்சிவிங்கிகள் அமைதியாக மேயும் காட்சி ஒன்று உண்டு. அப்போது ஜோயல், இத்தோடு விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்கிறான். தான் பட்டதெல்லாம் வீணாகிவிடக்கூடாது என்று மறுக்கிறாள் எல்லி. உயிரையும் கொடுக்கச் சித்தமானவள் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவர். ஆனால் அதே மூச்சில், இது முடிந்ததும் நீ விரும்பும் இடத்திற்கு இருவரும் போகலாம் என்றும் கூறுகிறாள். தான் உயிரோடு திரும்புவோம் என்றே அவள் நம்பியிருந்தாள் என்பதற்கு இது ஆதாரம். எந்த ஆதாரம் வலியது? வெளியிலிருந்து எவராலும் கூற இயலாது. அதனால்தான் அவளைக் கேட்டிருக்க வேண்டும்.

இவ்விடத்தில் விளையாட்டுக்கும் நூலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறியாக வேண்டும். நாவலில் ஒருவன் கொலை செய்தால் நாம் பக்கத்தைப் புரட்டுகிறோம். விளையாட்டில் நம் விரல் பொத்தானை அழுத்த வேண்டும். அதே 2013இல் லூக்காஸ் போப் என்பவர் உருவாக்கிய 'பேப்பர்ஸ், பிளீஸ்' என்னும் விளையாட்டு உண்டு. அதில் நாம் ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டுச் சரிபார்க்கும் அலுவலர். கணவனுக்குத் தாள்கள் சரியாக உள்ளன. பின்னால் வரும் மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. அவளை விடலாமா? தவறுகள் பெருகினால் சம்பளத்தில் அபராதம் விழும். வீட்டில் நம் குடும்பம் பசித்திருக்கிறது. முடிவு நம்முடையது, அதன் நோக்கமும் நம்முடையதே. ஜோயலின் கதையில் அத்தகைய உரிமை இல்லை. அறுவை மருத்துவரைத் தாக்காமல் கதை ஓர் அடியும் நகராது. நோக்கம் ஜோயலுடையது, விரல் நம்முடையது.

இதன் விளைவு என்ன? பதினைந்து மணி நேரத்திற்கு மேல் ஜோயலாக நடந்து, ஜோயலாக ஒளிந்து, ஜோயலாகக் காயம்பட்ட ஓர் இளைஞன், ஜோயலைக் குறை கூறினால் தன்னையே குறை கூறுவதாக உணர்கிறான். நம் இளைஞனின் குரலில் இருந்த சூடு அதுவே. அவன் பாதுகாத்தது ஜோயலை மட்டும் அன்று; தன் விரலையும்தான். தங்கையோ விளையாடவில்லை, அருகில் அமர்ந்து பார்த்தாள். ஆகவே எல்லியை அவளால் பார்க்க முடிந்தது. வாழ்க்கையிலும் இப்படித்தான் அன்றோ? நாம் பங்கேற்ற செயலுக்கு நியாயம் தேடுவதில் நமக்குள்ள வேகம், அடுத்தவர் செயலுக்கு நியாயம் தேடுவதில் இருப்பதில்லை.

கதையைப் புனைந்தவர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். கடைசிப் பகுதியில் ஜோயல் நம் கையை விட்டு நீங்குகிறான். டாமியின் ஊரை நோக்கி நடக்கும் அச்சிறு பாதையில் நாம் எல்லியாகவே நடக்கிறோம். அவள் கண்ணால் அவன் முதுகைப் பார்க்கிறோம். ஊரை நெருங்கும்போது அவள் அவனை நிறுத்துகிறாள். மருத்துவமனையைப் பற்றி நீ கூறியதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய் என்கிறாள். அவன் சத்தியம் செய்கிறான். அவள் அவன் முகத்தைச் சில நொடிகள் உற்றுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல்லால் ஒப்புக்கொள்கிறாள். அத்தோடு விளையாட்டு முடிந்துவிடுகிறது.

நம்மைப் பொறுத்தவரை தீர்ப்பு இங்கேதான் இருக்கிறது; துப்பாக்கியில் அன்று, பொய்யில். தான் செய்தது முற்றிலும் சரி என்று ஜோயல் நம்பியிருந்தால், உண்மையைக் கூற ஏன் அஞ்சினான்? இறக்கும் முன் மார்லீன் அவனை நோக்கி, அவள் விரும்புவதும் இதுதான், உனக்கும் அது தெரியும் என்ற பொருளில் கூறினாள். அவன் மறுமொழி கூறவில்லை. கையில் கிடந்த சிறுமியின் முகத்தைத்தான் பார்த்தான். அந்த மௌனமும், பின்னர் வந்த பொய்யும் ஒன்றையே உணர்த்துகின்றன. எல்லி வேறு முடிவு எடுத்திருக்கக்கூடும் என்பதை அவன் மனச்சாட்சி அறிந்திருந்தது. மகளைக் காத்த செயல் அன்பிலிருந்து பிறந்தது. அவளிடமிருந்து உண்மையைக் காத்த செயல், அவளை இழந்துவிடுவோம் என்னும் அச்சத்திலிருந்து பிறந்தது. முதலாவது அவளுக்காக; இரண்டாவது தனக்காக.

இரண்டாம் பாகம் இப்பொய்யின் விலையைக் கூறுகிறது. எல்லி பின்னர் உண்மையை அறிகிறாள். தன் வாழ்வுக்கு இருந்திருக்கக்கூடிய பொருளையே அவன் பறித்துவிட்டதாகக் கருதி விலகிவிடுகிறாள். நீண்ட பிரிவுக்குப் பின் ஓர் இரவு அவன் வீட்டுத் திண்ணையில் இருவரும் பேசுகிறார்கள். அதே தருணம் மீண்டும் வாய்த்தாலும் அதையே செய்வேன் என்கிறான் ஜோயல். உன்னை மன்னிக்க முடியும் என்று தோன்றவில்லை, ஆயினும் மன்னிக்க முயல விரும்புகிறேன் என்கிறாள் எல்லி. மறுநாளே ஜோயல் கொல்லப்படுகிறான். கொன்றவள் அன்று அறுவைக் கூடத்தில் மாண்ட மருத்துவரின் மகள். அவளும் தன் தந்தையை நேசித்தவளே. இப்பாகத்தின் ஏறத்தாழப் பாதியில் அவளையே நம் கையில் தந்து, அவளாக நடக்கச் சொல்கிறார்கள். நாம் வெறுத்தவளின் காலணியை நம் காலில் மாட்டிவிடுகிறார்கள்! எல்லி பழிவாங்கப் புறப்பட்டு, இறுதியில் கொல்லும் தறுவாயில் கையை விடுகிறாள். அந்நொடியில் அவள் நினைவில் தோன்றுவது திண்ணையில் அமர்ந்திருக்கும் ஜோயலின் உருவம். தொடங்காமலே முடிந்துபோன அந்த மன்னிப்பு, வேறொருத்தியின் உயிரைக் காத்தது என்றே நாம் பொருள் கொள்கிறோம்.

வாசகர்களே, எல்லி கூறிய அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டபோது நாம் நாற்காலியிலேயே சற்று நேரம் அசையாமல் அமர்ந்துவிட்டோம். அதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எம் அன்னையார் நோயுற்றிருந்தபோது, அது குணமாகாத நோய் என்று மருத்துவர் எங்களிடம் தனியே கூறினார். உடன்பிறந்தோர் கூடிப் பேசினோம். அம்மாவிடம் கூற வேண்டாம், தாங்கமாட்டார் என்று முடிவு செய்தோம். வயிற்றுப் புண் என்றும், மாத்திரையில் தீர்ந்துவிடும் என்றும் கூறினோம். ஒரு பிற்பகலில் எவரும் இல்லாத வேளையில் அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "உண்மையாகவே புண்தானா, ஐயா?" என்று கேட்டார். "உண்மைதான் அம்மா" என்றோம். நம் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு "சரி" என்றார்.

அவர் நம்பினாரா என்பதை இன்றுவரை நாம் அறியோம். அவர் மறைந்து சில வாரங்கள் கழித்து, பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கூறினார்: "தங்கச்சியை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகளிடம் கேட்டால், உடம்பு தேறட்டும், பிறகு போகலாம் என்று சொல்வார்களாம்." தொலைவிலிருந்த அச்சிற்றன்னையோடு அவருக்கு ஏதோ பழைய மனத்தாங்கல். அதைத் தீர்த்துக்கொள்ள விரும்பியிருக்கிறார். நாள் குறைவு என்று அறிந்தவர்கள் நாங்கள். அறியாதவர் போல் நடிக்க வேண்டியிருந்தவர் அவர். நாங்கள் கூறிய பொய்யின் பிறப்பிடம் அன்பு என்றே அன்று கருதினோம். இன்று எண்ணும்போது, அவர் அழுவதைக் காணும் துணிவு எங்களுக்கு இருக்கவில்லை என்பதே சரியான விடையாகத் தோன்றுகிறது. அவர் தாங்கமாட்டார் என்றோம். தாங்கமாட்டாதவர்கள் நாங்களே.

திருமறையில் வரும் ஒரு நிகழ்ச்சி நமக்கு நினைவுக்கு வருகிறது. தாவீது அரசன் பெரும் பிழை செய்தபோது, இறைவாக்கினர் நாத்தான் அவனை நேரே கண்டிக்கவில்லை. ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துக்கொண்ட செல்வனின் கதையைக் கூறினார். கதையில் வந்த அச்செல்வன்மீது அரசன் சீறி எழுந்து தீர்ப்பு வழங்கினான். அதன் பின்னரே அச்செல்வன் வேறு எவனும் அல்லன், அரசனே என்று நாத்தான் காட்டினார். பிறக்காத ஒருவனுக்குத் தீர்ப்பு வழங்கும்போது நம் நா தடையின்றிப் பேசுகிறது. அவ்வாறு பேசிவிட்ட பின் அத்தீர்ப்பு நம் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறது.

ஆகவே பெற்றோர்க்கு நம் வேண்டுகோள் இது. வளர்ந்த பிள்ளைகள் இத்தகைய விளையாட்டைப் பற்றி வழக்காடும்போது, "வெட்டிப் பேச்சு" என்று தள்ளிவிடாதீர்கள். அருகில் அமருங்கள். "அவன் ஏன் அவ்வாறு செய்தான்?" என்று கேளுங்கள். அவன் செயலில் இருந்தே சாட்சியைக் காட்டுமாறு கேளுங்கள். பின்னர், "அதனால் யார் பாதிக்கப்பட்டார்? அவரைக் கேட்டார்களா?" என்றும் கேளுங்கள். பிள்ளைகள் கூறும் விடையில் அவர்கள் நெஞ்சம் தெரியும். நம்மைப் பற்றி அவர்கள் என்ன எண்ணுகிறார்கள் என்பதும் சில வேளைகளில் தெரியும்.

அந்த இல்லத்திற்கு மறுமுறை சென்றபோது தகப்பனார் தீர்ப்பை நினைவூட்டினார். "உங்கள் மகன் ஜோயலின் அன்பைக் கண்டான். உங்கள் மகள் எல்லியின் உரிமையைக் கண்டாள். இருவர் கண்டதையும் சேர்த்துப் பார்ப்பவரே கதையை முழுதாகப் பார்த்தவர்" என்றோம். மகன் சற்று நேரம் பேசாதிருந்தான். "அவளை எழுப்பிக் கேட்டிருந்தால், அவள் சாவதற்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டால், அவன் என்ன செய்வான், ஐயா?" என்றான்.

"அழுதிருப்பான்" என்றாள் தங்கை. "ஆனால் அவளோடு சேர்ந்து அழுதிருப்பான்."

அதற்கு மேல் கூற நம்மிடம் ஏதுமில்லை. நம் இல்லங்களில் எவரேனும் நம் முகத்தை நோக்கி "உண்மைதானா?" என்று கேட்கும் நாள் வரும். அன்று அவரோடு சேர்ந்து அழும் துணிவை இறைவன் நமக்கு அருள்வாராக.